அடுப்பை நினைத்து விதை போடுங்கள்: தொட்டியில் கார மிளகாய்

விதை வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள். காய்த்த பிறகு இந்த மிளகாயை என்ன செய்யப் போகிறீர்கள்?

தொட்டியில் மிளகாய் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, "இருப்பதிலேயே எது அதிகக் காரம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. காயவைத்துப் பொடிக்கவா? பச்சையாக நறுக்கிப் போடவா? தீயில் சுடவா? புளிக்கவைத்துச் சாஸ் செய்யவா? காரம் வேண்டுமென்றால் ஒரு பொட்டலம் பொடியிலேயே அது கிடைத்துவிடும். மணம் அப்படிக் கிடைக்காது. செடியிலேயே முழுதாகப் பழுத்து, பறித்த சூட்டோடு வாணலிக்குப் போகிற மிளகாயின் மணம் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. அதற்காகத்தான் பால்கனியில் இத்தனை தொட்டிகளை வெயில் பார்த்து நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

எந்த வகையை வைப்பது?

முதலில் பார்க்க வேண்டியது சதையின் தடிமன். கெய்ன் போன்ற ஒல்லியான, மெல்லிய சதையுள்ள வகைகள் காய்வதற்கென்றே பிறந்தவை. நாலைந்து நல்ல வெயிலில் சலசலவென்று ஆகிவிடும். ஜலபினோ அப்படியில்லை. சதை தடிமன் என்பதால் முழுதாகக் காயவைத்தால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்துவிடும். மெக்சிகோவில் பழுத்த ஜலபினோவைப் புகையில் உலர்த்திச் சிப்போட்லே ஆக்குவதற்குக் காரணமே இந்தத் தடித்த சதைதான். சுடுவதற்கும் வினிகரில் போடுவதற்கும் அதைவிடப் பொருத்தமான காய் எனக்குத் தெரிந்து இல்லை. செரானோ பச்சையாக நறுக்கிப் போட நல்லது. மொறுமொறுப்பாக இருக்கும், காரம் சட்டென்று தெரியும். ஹபனேரோவில் பழ வாசனை தூக்கலாக இருக்கும். சாஸுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் காரம் கடுமை.

உலகில் பயிரிடப்படும் மிளகாய்கள் எல்லாம் 5 இனங்களுக்குள் அடங்கும்: அனுவம், சைனென்ஸ், ஃப்ருடெசன்ஸ், பக்காட்டம், பியூபசென்ஸ். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் விதை உறையில் இனம் எழுதியிருந்தால் பாருங்கள், காத்திருக்க வேண்டிய காலம் அதிலேயே தெரிந்துவிடும். ஜலபினோ, செரானோ, கெய்ன் எல்லாம் அனுவம். நாற்றை நட்ட 70 முதல் 90 நாட்களுக்குள் பழம் கைக்கு வரும். ஹபனேரோவும் பூத் ஜோலோகியாவும் சேர்ந்த சைனென்ஸ் வகைகளுக்கு 100 நாட்களுக்கு மேலாகும். கறுப்பு விதையும் ஊதாப் பூவும் கொண்ட பியூபசென்ஸ் குளிர்ந்த மலைப் பகுதிச் செடி. கடும் வெயிலில் அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். முதல் முறை வளர்ப்பவர் ஓர் அனுவம் வகையில் தொடங்கினால் போதும். மிகு கார வகையான கரோலினா ரீப்பரை முதல் செடியாக வைக்கச் சொல்ல மாட்டேன்.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர், மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போய், சுவைப்பவர்களின் நாக்கில் காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினார். இன்று அதைக் கருவிகள் அளக்கின்றன. ஜலபினோ 2,500 முதல் 8,000 வரை, கெய்ன் 30,000 முதல் 50,000 வரை, ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரை. பூத் ஜோலோகியா 10 லட்சத்தைத் தொடும். 2023இல் உலகச் சாதனையாகக் கின்னஸ் அறிவித்த பெப்பர் எக்ஸ் சராசரியாக 26,93,000. வீட்டுச் சமையலுக்கு ஹபனேரோவே தாராளம் என்பது என் கருத்து. அதற்கு மேலே போனால் மணத்தை நாக்கு பிரித்தறியும் முன் எரிச்சல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

விதை முதல் நாற்று வரை

மிளகாய் விதைக்குச் சூடு வேண்டும். மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் அனுவம் விதைகள் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். சைனென்ஸ் விதைகள் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். முளைக்கவில்லையே என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் முளையை ஒடித்துவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். குளிரான காலத்தில் விதைத்தட்டைச் சூடு வரும் இடத்தில் வையுங்கள். எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் ஒரு மின்சாதனத்தின் மேல்பக்கம்கூடப் போதும். முளைக்கும்வரை வெளிச்சத்தைவிடக் கீழிருந்து வரும் சூடுதான் முக்கியம்.

முதல் நாள் இரவு விதையை வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். காலையில் குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே மெல்லிய மூடி போட்டு ஈரத்தைக் காப்பாற்றுங்கள். முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். காற்றோட்டமில்லாமல் ஈரம் தேங்கினால் நாற்றழுகல் வந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தரையோடு நூலாகச் சாய்ந்து கிடக்கும். சாய்ந்தது பிழைக்காது. மற்றவற்றைக் காப்பாற்ற, மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகு தட்டின் அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவிடுங்கள்.

முளைத்த பிறகு வெளிச்சம் போதாவிட்டால் நாற்று ஒடிசலாக நீளும். நல்ல வெளிச்சமும் லேசான காற்றும் தண்டைத் தடிக்கவைக்கும். விதையிலைகளுக்குப் பிறகு வரும் நிஜ இலைகள் 4 முதல் 6 வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மாற்றும் முன் ஒரு வாரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேர வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காகிதம் போலாகிவிடும்.

தொட்டியும் மண்ணும்

சிறிய காய் வகைகளுக்கு 8 முதல் 10 லிட்டர் தொட்டி, ஜலபினோ, கெய்னுக்கு 12 முதல் 15 லிட்டர், ஹபனேரோவுக்கு 20 லிட்டர். நான் பின்பற்றும் அளவு இது. சிறிய தொட்டியில் செடி செத்துவிடாது. ஆனால் வெயில் நாட்களில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும், பூவை உதிர்க்கும், காயைச் சிறுக்கவைக்கும். அதே நேரம் விரல் நீள நாற்றை நேராக 20 லிட்டர் தொட்டியில் வைப்பதும் சரியில்லை; வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளித்துப்போகும். முதலில் ஒரு கையடக்கத் தொட்டி, வேர் அதை நிரப்பிய பிறகு பெரியது.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதிக்கும், வேர் வெந்துபோகும். அதைத்தான் வாங்கினீர்கள் என்றால் வெளிப்பக்கம் வெள்ளைத் துணியைச் சுற்றிவிடுங்கள். மண்தொட்டி மூச்சுவிடும், சீக்கிரம் காயும். துணிப்பை இன்னும் சீக்கிரம் காயும். அடியில் வடிகால் துளை இருந்தே தீர வேண்டும். துளைக்கு மேலே ஜல்லி பரப்பும் பழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈரம் மிகுந்த பகுதி மேலே ஏறி வேருக்கு நெருக்கமாக நிற்கும். மண் வெளியேறாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

வெறும் தோட்டமண் தொட்டிக்குள் இறுகிச் செங்கல்லாகிவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, நன்றாக மக்கிய கம்போஸ்ட் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தோட்டமண்ணும் பெருமணலும் சேர்ந்து ஒரு பங்கு. இதுதான் என் கலவை. மணலுக்குப் பதில் பெர்லைட் என்ற எடையற்ற வெள்ளைத் துகளைப் போட்டால் தொட்டி எடை குறையும், மாடியில் வைப்பவர்களுக்கு அது வசதி. கோகோபீட்டில் உப்பு இருக்கும், ஆகவே ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். கலந்ததை ஒரு பிடி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

தண்ணீர்

மற்ற எதையும்விட இதில்தான் தொட்டி மிளகாய் வாழ்வதும் வீழ்வதும். "தினமும் எவ்வளவு ஊற்றணும்?" என்ற கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் செடியின் அளவு, காற்று, வெயில், தொட்டி எல்லாம் அந்த எண்ணை மாற்றும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றியவுடன் ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கையில் பதியவைத்துக்கொண்டால், மறுநாள் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்க்கும்போதே வேண்டுமா வேண்டாமா என்று கை சொல்லிவிடும். தூக்க முடியாத தொட்டிக்கு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

ஊற்றும்போது அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். மேலாக நனைத்து நிறுத்தினால் வேரும் மேலாகவே படரும். மண் ஒரேயடியாகக் காய்ந்து தொட்டிச் சுவரை விட்டு விலகிவிட்டால், ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடி வெளியே போய்விடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். அதற்குப் பிறகு வடியவிட மறக்காதீர்கள்.

உச்சிவெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மண்ணில் ஈரம் இருக்கிறதென்றால் மாலையில் தானாக நிமிரும். காலையிலேயே தொங்கினால்தான் கவலை: ஒன்று தாகம், இல்லையென்றால் ஈரம் மிகுந்து வேர் அழுகுகிறது. இரண்டும் மேலே ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் குவளையைக் கையில் எடுக்காதீர்கள்.

காயின் நுனியில் கறுத்த, அமுங்கிய தழும்பு வந்தால் பலர் நோய் என்று மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தாலும் அதைச் சுமந்து போவது தண்ணீர்தானே? ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று மாறி மாறி இருந்தால் சத்து போய்ச் சேராது. மேல்மண்ணில் காய்ந்த இலை, வைக்கோல் என்று இரண்டு விரல் உயரம் மூடாக்கு போட்டுச் சீராக நீர் விட்டால் அடுத்து வரும் காய்கள் சரியாகும்.

செடியைக் கொஞ்சம் வாடவிட்டால் காரம் ஏறும் என்று சொல்வார்கள். சில வகைகளில் உண்மை, எல்லாவற்றிலும் இல்லை. ஆனால் வாடவிட்டால் காய்ப்பு குறைவது நிச்சயம். நான் அதற்காகச் செடியை வருத்துவதில்லை.

உரம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து அதிகமானால் செடி கரும்பச்சையாக, புதராக, பூவே இல்லாமல் நிற்கும். வளரும் பருவத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு பிடி மண்புழு உரம். மொட்டு வந்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாஷ்) மிகுந்த திரவ உரம், உறையில் சொன்னதில் பாதி அளவில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரைத் தாராளமாக விட்டு மண்ணில் சேர்ந்த உப்பை அலசிவிடுங்கள். தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது தாமதமாகிவிட்டது என்று பொருள்.

பூ நின்றால்தான் காய்

மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் ஒரே ஒரு செடி இருந்தாலும் காய்க்கும். காற்றோ தேனீயோ வராத மூடிய பால்கனியில், முற்பகலில் பூத்த கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும். பூ கொட்டுவதற்கு முதல் காரணம் வெப்பம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் பல வகைகள் பூவை உதிர்க்கும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படித்தான். வெப்ப அலையில் பிற்பகல் வெயிலை நிழல்வலையால் தடுத்து, காத்திருங்கள். செடிக்கு எதுவும் ஆகவில்லை, வானிலை தணிந்ததும் மறுபடி பூக்கும். சாதாரண நாட்களில் 6 மணி நேரமாவது நேர வெயில் வேண்டும்.

காய் பிடித்ததும் ஒரு குச்சியை நட்டு முட்டுக்கொடுங்கள். காய்ச் சுமையில் கிளை கவட்டையோடு பிளப்பது மிளகாயில் வாடிக்கை.

இலை சுருள்கிறதா? எந்தப் பக்கம்?

மிளகாய் வைத்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் சுருண்ட இலையோடு நிற்பார்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இளங்கொழுந்து தடித்துச் சொரசொரப்பானால் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலைக்கு அடியில் கூட்டமாகப் பச்சையோ கறுப்போ பூச்சிகளும், கீழ் இலைகளில் பிசுபிசுப்பும், வரிசையாக எறும்பும் இருந்தால் அசுவினி. செடியை அசைத்ததும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. செடியே குட்டையாகி, இலை சிறுத்து, மஞ்சளோடி, கொத்தாகச் சுருண்டு நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. மற்ற தொட்டிகளுக்குப் பரவும் முன் அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

அசுவினிக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர். செடியைக் கையால் தாங்கிக்கொண்டு இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தால் பெரும்பகுதி போய்விடும். மீதிக்கும் இலைப்பேனுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு மென்மையான திரவச் சோப்பு. மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு முறை. வெயிலில் அடித்தால் இலை கருகும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் நன்றாக வேலை செய்யும், அளவு உறையில் உள்ளபடி. ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது, கடும் வெப்பத்திலும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலையைச் சுட்டுவிடும். பூச்சி வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, தண்ணீர் ஊற்றும்போது தினமும் இரண்டு இலையைப் புரட்டிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஜலபினோவின் தோலில் சாம்பல் நிறக் கீறல் கோடுகள் வந்தால் அது நோயல்ல. காய் வேகமாகப் பருத்ததன் தழும்பு. அப்படியே சாப்பிடலாம்.

பறிப்பதும் கவாத்தும்

பச்சைக்காய்க்கு ஒரு புல் வாசனை உண்டு. பழுக்கப் பழுக்க அது குறைந்து இனிப்பும் பழ மணமும் ஏறும். பூ காயாகி 40 முதல் 50 நாட்களில் காரம் ஏறக்குறைய உச்சத்துக்கு வந்துவிடும். எதற்காகப் பறிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நேரம் மாறும்: நறுக்கிப் போடப் பச்சை, பொடிக்கும் சாஸுக்கும் காம்படி வரை நிறம் மாறிய பழம். செடியில் பழங்களை நிறைய நாள் விட்டுவைத்தால் புதுப் பூ குறையும், அதனால் முதல் காய்களைப் பச்சையாகவே பறித்துவிடுவது என் வழக்கம். கையால் இழுத்தால் கிளை ஒடியும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். காம்பு இருந்தால் காய் அதிக நாள் தாங்கும்.

உறைபனி இல்லாத இடத்தில் மிளகாய் பல ஆண்டுகள் வாழும் செடி. காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்கி எறியாமல், முக்கியக் கிளைகளை ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து, மேல்மண்ணைச் சுரண்டிப் புது உரம் போட்டு, தண்ணீரைக் குறைத்து விடுங்கள். வேர் ஏற்கெனவே பலமாக இருப்பதால் புது நாற்றைவிடச் சீக்கிரம் காய்க்கும். குளிர் கடுமையான இடங்களில் வெட்டிய செடியை வீட்டுக்குள் எடுத்து வைத்துக் காப்பாற்றலாம்.

பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வேறு வேறு வகை இருந்தால் மகரந்தம் கலக்கும். இந்த ஆண்டுக் காயின் காரம் அதனால் மாறாது. விதை எடுத்து வளர்த்தால்தான் மாற்றம் தெரியும். விதைக்கு வேண்டிய ஒரு கிளையில், மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைப்பை கட்டி, காய் பிடித்ததும் அதில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

காரம் எங்கே இருக்கிறது?

விதையில் இல்லை. விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிர்நிறச் சதையில்தான் காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் உருவாகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் விதையும் காரமாகிறது. காரத்தைக் குறைக்க அந்தச் சதையைச் சுரண்டி எடுங்கள். மிகு கார வகைகளில் காயின் உட்சுவரிலும் கேப்சைசின் இருப்பதால் அங்கே இந்த வழி பாதிதான் பலிக்கும்.

வாயில் எரிகிறது என்று நமக்குத் தோன்றுவதும் தற்செயலல்ல. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைக் கேப்சைசினும் தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு மசிவதில்லை, ஆகவே பழுத்த மிளகாயை அவை எவ்விதத் தயக்கமும் இல்லாமல் தின்னும். உங்கள் செடியில் பழம் காணாமல் போனால் கிளிகளையோ மைனாக்களையோ சந்தேகப்படுங்கள். வலை போடாமல் தப்பிக்க வழியில்லை.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சமையலுக்கு வேண்டிய பாடம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. தொடக்கத்திலேயே எண்ணெயில் மிளகாயை வதக்கினால் காரம் எண்ணெயோடு பரவி எல்லாக் கவளத்திலும் ஒரே சீராக இருக்கும். கடைசியில் பச்சையாகத் தூவினால் கடித்த இடத்தில் மட்டும் சுரீர் என்னும், மணமும் தனித்து நிற்கும். நான் பல நேரம் இரண்டையும் செய்வேன்: காரத்துக்கு முதலில் கொஞ்சம், மணத்துக்குக் கடைசியில் கொஞ்சம். ஹபனேரோவுக்கு இன்னொரு வழி உண்டு. கொதிக்கும் குழம்பில் முழுக்காயைக் கீறாமல் மிதக்கவிட்டு, இறக்கும் முன் உடையாமல் எடுத்துவிடுங்கள். மணம் இறங்கும், காரம் லேசாக எட்டிப்பார்க்கும்.

சுட்டது, காய்ந்தது, எண்ணெயில் போட்டது

ஜலபினோவை நேரடித் தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டு, தோல் கறுத்துக் கொப்பளித்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு 10 நிமிடம் மூடிவையுங்கள். ஆவியில் தோல் தளர்ந்து விரலாலேயே உரியும். தண்ணீரில் கழுவி உரிக்காதீர்கள், சுட்ட வாசனை எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

காயவைக்க, மெல்லிய வகைகளை முழுதாகவும் தடித்தவற்றை நீளவாக்கில் பிளந்தும் பரப்புங்கள். வெயில் போதாவிட்டால் உலர்த்தும் கருவியில் 55 முதல் 60 டிகிரியில் வையுங்கள். வளைத்தால் ஒடிய வேண்டும். தோல் போல் மடிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முழுதாகவே இருட்டில், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டியபோது கொஞ்சமாக வறுத்துப் பொடியுங்கள். பொடித்து வைத்தால் மணமும் நிறமும் வேகமாக இறங்கும். வறுப்பது சிறு தீயில், பக்கத்துக்கு அரை நிமிடம். வாசனை எழுந்ததும் இறக்கிவிடுங்கள். கறுத்தால் கசக்கும்.

மிளகாய் எண்ணெய்க்குக் காய்ந்த மிளகாய்த் தூள்தான் போட வேண்டும். எண்ணெயைச் சூடாக்கி, ஒரே ஒரு துகளைப் போட்டுப் பாருங்கள். மெல்லப் பொரிந்தால் சரி, உடனே கறுத்தால் ஆறவிடுங்கள். சரியான சூட்டில் தூளின் மேல் ஊற்றிக் கிளறினால் சிவப்பும் மணமும் எண்ணெயில் இறங்கும். பச்சை மிளகாயையோ பூண்டையோ எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த ஈரத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம், அது மணத்திலோ நிறத்திலோ தெரியாது. அப்படிச் செய்தால் குளிர்பெட்டியில் வைத்து 4 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

வினிகரில் போடுவது எளிது. 5 சதவீதப் புளிப்புள்ள வினிகரும் தண்ணீரும் சம அளவு, ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. கொதிக்கவைத்து நறுக்கிய காய் மேல் ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில். மறுநாள் தயார்.

புளிக்கவைத்த சாஸ்

மிளகாய் வளர்ப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழுத்த மிளகாயைக் காம்பு நீக்கிக் கரகரப்பாக அரையுங்கள். தராசில் எடை போட்டு, அந்த எடையில் 3 சதவீதம் உப்பு: 500 கிராமுக்கு 15 கிராம். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, உப்புக்கு உப்பு கனம் மாறும். கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு இடம் விட்டு நிரப்பி, மேலே ஒரு சிறு கண்ணாடி எடையை வைத்து, எல்லாம் அதன் சாற்றுக்குள் அமுங்கியிருக்கும்படி பாருங்கள். மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள்.

வெயில் படாத, 18 முதல் 24 டிகிரி உள்ள மூலையில் வையுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் குமிழி வரும். காற்றை வெளியேற்ற மூடியைத் தினமும் லேசாகத் திறந்து மூடுங்கள். இலையிலும் காயிலும் இயற்கையாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைப் புளிப்பாக்குகிறது, உப்பு மற்றவற்றைத் தள்ளிவைக்கிறது. பச்சைக் காரத்தின் கூர்மை மழுங்கி, ஆழமான ஒரு புளிப்பு வரும். மேலே தட்டையாக வெள்ளை ஏடு படிந்தால் அது ஈஸ்ட், எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பில் பஞ்சாக எழும்பினால் பூஞ்சணம். முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள், சுரண்டிக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு சுவைத்துப் பார்த்து, போதும் என்றால் வினிகர் சேர்த்து வழுவழுவென்று அரைத்து வடிகட்டுங்கள். புளிப்பளவு (pH) 4க்குக் கீழே இருந்தால் நல்லது; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். சோதனைத் தாள் இருந்தால் பாருங்கள். குளிர்பெட்டியில் பல மாதங்கள் இருக்கும். ஹபனேரோவுக்கு ஒரு கேரட்டைச் சேர்த்துப் புளிக்கவைத்தால் கெட்டியும் இனிப்பும் கூடும், காரமும் சாப்பிடும் அளவுக்கு இறங்கும்.

கையும் கண்ணும்

ஹபனேரோவுக்கு மேற்பட்ட எதை நறுக்கினாலும் கையுறை போடுங்கள். மிளகாய் வறுக்கும்போதும் சாஸ் காய்ச்சும்போதும் சன்னலைத் திறந்து வையுங்கள். மிக்ஸியில் பொடித்த பிறகு தூள் அடங்கும்வரை சில நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

சமைத்தது காரமாகிவிட்டால் தண்ணீர் ஊற்றுவது சுவையைத்தான் நீர்க்கவைக்கும். மிளகாய் இல்லாமல் அதே பண்டத்தை இன்னொரு பங்கு செய்து கலப்பதே சரியான வழி. அதற்கு நேரமில்லாவிட்டால் கொழுப்பு சேருங்கள்: பால், வெண்ணெய், அரைத்த கொட்டை வகைகள். கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் நாக்கைத் திசைதிருப்பும். அதுவும் போதாவிட்டால் அதை அப்படியே சிறு சிறு டப்பாக்களில் உறையவைத்து, அடுத்த முறை சமைக்கும்போது மிளகாய்க்குப் பதில் ஒரு கரண்டி போடுங்கள்.